எண்ணெய் நாட்டுக்கு வெயில் எதற்கு? சவூதியின் சோலார் கணக்கு

செங்கடல் கரையில், ஜித்தாவுக்குத் தெற்கே ஷுஐபா என்று ஓர் இடம். அங்கே 5,600 மெகாவாட் திறனுள்ள அனல் மின்நிலையம் ஒன்று நிற்கிறது. அதில் எரிவது நிலக்கரியல்ல, எண்ணெய். எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று. அதே ஷுஐபா வட்டாரத்தில் அமையும் 600 மெகாவாட் சோலார் நிலையம் ஒன்றுக்கு 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். விலை, யூனிட்டுக்கு 1.04 அமெரிக்க சென்ட். சவூதிப் பணத்தில் 3.9 ஹலாலா (100 ஹலாலா சேர்ந்தால் ஒரு ரியால்). அந்தத் தேதி வரை உலகில் எங்கும் அவ்வளவு குறைந்த விலைக்குச் சோலார் மின்சாரம் தர யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

தரையைத் தோண்டினால் எண்ணெய் வருகிற நாட்டுக்கு இந்த வேலை எதற்கு என்று தோன்றுவது இயல்பு. சுற்றுச்சூழல் அக்கறை, எண்ணெய்க்குப் பிந்தைய காலத்துக்கான தயாரிப்பு என்று பதில் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. 2060-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியே விடும் கரியமில வாயுவுக்குச் சமமாக அதை அகற்றிவிடுவது, என்று சவூதி 2021 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் இதைவிட நேரான பதில் ஒரே ஒரு பீப்பாய்க்குள் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், சவூதி ஏன் இவ்வளவு காலம் சும்மா இருந்தது, இப்போது ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது என்ற இரண்டுமே விளங்கிவிடும்.

அதற்கு முன் அலகுகள். மெகாவாட் என்பது திறன். குழாயின் அகலம் மாதிரி. யூனிட் என்பது அளவு. அந்தக் குழாயிலிருந்து வாளியில் பிடித்த தண்ணீர். 1 மெகாவாட் நிலையம் ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 1,000 யூனிட் கிடைக்கும். 1,000 மெகாவாட் சேர்ந்தால் 1 கிகாவாட். எண்ணெய் நிலையத்தை இரவு பகலாக ஓட்டலாம். சோலார் நிலையம் இரவில் தூங்கும், காலையிலும் மாலையிலும் சோம்பலாக வேலை செய்யும். சராசரி பார்த்தால், சவூதியில் ஒரு நல்ல சோலார் நிலையம் நாளுக்கு 7 மணி நேரம் முழுத் திறனில் ஓடியதற்குச் சமம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். செய்தியில் “300 மெகாவாட்” என்று படிக்கும்போதெல்லாம் இந்த 7 மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீப்பாயின் கதை

சவூதி தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறது. மீதிக்கு எண்ணெய். கோடையில், ரியாத்தில் 45 டிகிரி தாண்டும்போது, நாடு முழுக்க ஏசி ஓய்வில்லாமல் ஓடும்போது, எரிவாயு போதாது. அப்போது சுத்திகரிக்காத கச்சா எண்ணெயையே நேராக மின்நிலையத்தில் எரிக்கிறார்கள். கோடை மாதங்களில் நாளுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் இப்படிப் போவது வழக்கம். 2014, 2015 வாக்கில் உச்ச மாதங்களில் இது 9 லட்சத்தை நெருங்கியது. நாட்டின் மொத்த எண்ணெய் உற்பத்தியே நாளுக்கு ஒரு கோடி பீப்பாய் அளவுதான் என்பதோடு சேர்த்துப் பாருங்கள்.

இனி கணக்கு. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். அதை எரித்தால் சுமார் 1,700 யூனிட் அளவுக்கு வெப்பம் வரும். நீராவிச் சுழலி அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். மற்றது புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடும். ஆக ஒரு பீப்பாய்க்கு 570 யூனிட் மின்சாரம்.

சவூதியில் வீடுகளுக்கு மாதம் 6,000 யூனிட் வரை 18 ஹலாலா என்று 2018 ஜனவரியில் கட்டணம் வைத்தார்கள். 570 யூனிட்டையும் அந்த விலையில் விற்றால் கையில் வருவது 103 ரியால். மின்கம்பிச் செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். அதே பீப்பாயைக் கப்பலில் ஏற்றி, 70 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். டாலருக்கு 3.75 ரியால் என்பது நிலையான விகிதம், எனவே 262 ரியால். இப்போது ஷுஐபா சோலார் விலையில் அந்த 570 யூனிட்டை வாங்கினால்? 22 ரியால்.

22 ரியால் கொடுத்தால் 262 ரியால் பீப்பாய் மிச்சம். சந்தனக் கட்டையை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவர், விறகு இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்த கதை.

பொருளாதாரப் பாடத்தில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒரு பொருளுக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை என்பதால் அது இலவசமாகிவிடாது. அதை வேறு எங்கே விற்றிருக்கலாமோ, அந்த விலையை நீங்கள் இழந்திருக்கிறீர்கள். ‘எங்கள் எண்ணெய், நாங்கள் எரிக்கிறோம்’ என்பவர் கணக்கில் இந்த வரி விடுபட்டுப் போகிறது. சவூதியில் அது பல ஆண்டுகள் விடுபட்டே இருந்தது. மின்நிலையங்களுக்கு உள்நாட்டு எண்ணெய் உலகச் சந்தை விலையில் சிறு பங்குக்குத்தான் கொடுக்கப்பட்டது. மின்வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் எண்ணெய் மின்சாரம் மலிவாகத் தெரிந்தது. சோலார் ஆடம்பரமாகத் தெரிந்தது. புத்தகத்தில் பொய் எதுவும் இல்லை. நஷ்டம் வேறொரு புத்தகத்தில், ஏற்றுமதிக் கணக்கில், எழுதப்படாமல் கிடந்தது.

இங்கே ஒரு கேள்வி வரலாம்: எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் கூட்டணிதான் உற்பத்திக்கு வரம்பு வைத்திருக்கிறதே, மிச்சமான எண்ணெயை விற்க விடுவார்களா? வரம்பு இருப்பது தோண்டி எடுக்கும் அளவுக்கு. உள்ளூரில் எரிப்பதும் அந்த வரம்புக்குள்தான் அடங்கும். அதனால் அதே அளவு தோண்டி, உள்ளே குறைவாக எரித்தால், வெளியே அதிகம் அனுப்பலாம். ஆனால் சந்தைக்கு எண்ணெய் அதிகம் வந்தால் விலை இறங்கவும் கூடும். என் 262 ரியாலைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதியாகக் குறைத்தாலும் கணக்கு நிற்கிறது.

இடம் எவ்வளவு வேண்டும்?

சவூதியின் முதல் பெரிய சோலார் நிலையம் வடக்கே அல் ஜவ்ஃப் பகுதியில், சகாகாவில் இருக்கிறது. 300 மெகாவாட். 12 லட்சம் பேனல்கள், 6 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவு, அதாவது 112 கோடி ரியால். நம் 7 மணி நேரக் கணக்கில் நாளுக்கு 21 லட்சம் யூனிட். பீப்பாயில் சொன்னால் நாளுக்குச் சுமார் 3,700 பீப்பாய் மிச்சம். அந்த மிச்சத்தை 262 ரியால் வீதம் விற்றால் நிலையத்தின் மொத்தச் செலவும் மூன்றே சொச்சம் ஆண்டில் திரும்பிவிடும்.

நாடு முழுதும் ஓர் ஆண்டில் செலவாகும் மின்சாரத்தைத் தோராயமாக 40,000 கோடி யூனிட் என்று வைத்துக்கொண்டால், அதற்குச் சமமாக உற்பத்தி செய்ய 520 சகாகாக்கள் வேண்டும். நிலம் 3,100 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பு 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நிலம் போதும். ‘சவூதியின் சூரிய ஆற்றல் வளம் அபாரம்’ என்று எழுதுவதன் அடிப்படை இதுதான். ஆனால் வளம் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றுக்கார சொல். ரூப் அல் காலிப் பாலைவனத்தில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே சாலை இல்லை, மின்கம்பி இல்லை, மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூரைகள் இருக்கின்றன, ஆனால் 18 ஹலாலாவுக்கு மின்சாரம் வீட்டு வாசலுக்கு வரும்போது எந்தக் குடும்பத் தலைவர் கைக்காசு போட்டு மாடியில் பேனல் மாட்டுவார்? சவூதியின் சோலார் முழுக்க முழுக்கப் பிரம்மாண்டமான பாலைவன நிலையங்களாகவே வளர்ந்ததற்கு இந்த மலிவுக் கட்டணமும் ஒரு காரணம்.

வெயிலும் வெளிச்சமும்

புதிதாகப் படிப்பவர்கள் அநேகமாக எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எங்கே சூடு அதிகமோ அங்கே சோலார் மின்சாரமும் அதிகம் என்று நினைத்துக்கொள்வது. பேனல் தின்பது வெளிச்சத்தை. சூடு அதற்கு ஆகாது. பேனலின் திறனை ஆலையில் 25 டிகிரியில் வைத்து அளந்துதான் ஒட்டுச்சீட்டில் எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போலத் திறன் குறையும். வெளியே 45 டிகிரி என்றால் வெயிலில் காயும் பேனலின் சூடு 65-ஐத் தொடும். 40 டிகிரி கூடுதல், 14 சதவீதம் இழப்பு. நண்பகலில், மின்சாரம் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில்.

அதனால் சவூதியில் சோலாருக்கு மிகத் தோதான இடங்களில் முதலில் வருவது வடமேற்கு மேட்டு நிலம், தபூக் பக்கம். உயரமான இடம், தெளிவான வானம், கொஞ்சம் குளிர்ந்த காற்று. எண்ணெயோ நாட்டின் கிழக்கே இருக்கிறது. 1938 மார்ச்சில் முதன்முதலில் வணிக அளவுக்கு எண்ணெய் பீறிட்ட தம்மாம் 7-ஆம் எண் கிணறும், பெரும் எண்ணெய் வயலான கவாரும் கிழக்கில்தான். அந்தக் கிழக்குக் கரையில் தூசியும் ஈரப்பதமும் அதிகம். எண்ணெய் ஒரு பக்கம், நல்ல வெளிச்சம் மறுபக்கம்.

அப்புறம் தூசி. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பாலைவனத்தில் ஒரு வாரம் காரை வெளியே நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். தூசி மட்டும் என்றால் காற்றே ஓரளவு அடித்துக்கொண்டு போய்விடும். பிரச்சினை விடியற்காலைப் பனி. பேனல் இரவில் குளிர்ந்து, அதன்மேல் ஈரம் படிந்து, தூசி சேறாகி, சூரியன் ஏறியதும் காரை பூசியது மாதிரி இறுகிவிடும். நாலு நாள் இப்படியே விட்டால் துடைப்பதும் கடினம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்றால், சவூதியில் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்தது. அதைப் பிரிக்கவே ஏராளமான ஆற்றல் வேண்டும். மின்சாரம் எடுக்கத் தண்ணீர், தண்ணீர் எடுக்க மின்சாரம் என்று சுற்றிச் சுற்றி வரும். அதனால் பெரிய நிலையங்களில் தண்ணீரே இல்லாமல் தூரிகையால் துடைக்கும் தானியங்கிகள் வரிசை வரிசையாக இரவில் ஓடுகின்றன. ஒரு சோலார் நிலையத்தின் லாபம் பேனலின் விலையைவிட இந்தத் துடைப்ப வேலையில் தங்கியிருக்கிறது என்றுகூடச் சில சமயம் எனக்குத் தோன்றும்.

தூசிக்கு இன்னொரு பாதிப்பும் உண்டு. சோலாரில் இரண்டு வகை: பேனலில் நேராக மின்சாரம் எடுப்பது ஒன்று, கண்ணாடிகளால் ஒளியைக் குவித்து, அந்தச் சூட்டில் நீராவி எடுத்துச் சுழலியை ஓட்டுவது இன்னொன்று. பேனலுக்குச் சிதறிய வெளிச்சமும் உதவும். கண்ணாடி முறைக்கு நேர்க்கதிர் மட்டுமே உதவும். காற்றில் தூசி மிதந்தால் நேர்க்கதிர்தான் முதலில் அடிபடும். இது அடுத்து வரும் கதைக்கு வேண்டும்.

நாற்பது ஆண்டு அறிவிப்புகள்

சவூதி சோலாருக்குப் புதிதல்ல. 1977-ல் அமெரிக்காவுடன் கூட்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்று போட்டு, ரியாத்துக்கு வடமேற்கே அல் உயைனா அருகே 350 கிலோவாட் நிலையம் கட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்தது. சூரியக் கிராமம் என்றே பெயர். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய சோலார் நிலையங்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு முப்பது ஆண்டு, ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தவிர, சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. கையில் வெண்ணெய் இருக்கும்போது யாரும் நெய்க்கு அலையவில்லை.

2010-ல் அணு மற்றும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்காக மன்னர் அப்துல்லா பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 2012-ல் அது சொன்ன இலக்கு: 2032-க்குள் 41 கிகாவாட் சோலார். அதில் 25 கிகாவாட் கண்ணாடி முறை, 16 கிகாவாட் பேனல். அடுத்த சில ஆண்டுகளில் பேனல் விலை சரிந்த வேகத்தில் இந்தப் பங்கீடே தலைகீழாகிவிட்டது. தூசியின் கதையைத்தான் மேலே பார்த்தோமே. 2015 ஜனவரியில் கெடுவை எட்டு ஆண்டு தள்ளி 2040 என்றார்கள். 2016-ல் விஷன் 2030 என்ற நாட்டின் பொருளாதாரச் சீர்திருத்தத் திட்டம் வந்தது. தொடக்க இலக்காக 9.5 கிகாவாட் என்றது. 2018 மார்ச்சில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் முதலீட்டு நிறுவனத்தோடு 200 கிகாவாட்டுக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம். அன்றைக்கு சவூதியில் இருந்த எல்லா மின்நிலையங்களையும் கூட்டினாலும் 100 கிகாவாட் வராது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது கிடப்பில் போனது. 2019-ல் மறுபடி புதிய இலக்கு: 2030-க்குள் 40 கிகாவாட் பேனல் சோலார். இப்போதைய இலக்கு, 2030-ல் மின்சாரத்தில் பாதி புதுப்பிக்கத்தக்கது, மறு பாதி எரிவாயு.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு சவூதி அறிவிப்புகளை நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே காலத்தில் ஓசையில்லாமல் ஒன்று மாறியது. இலக்கு சொல்வதற்குப் பதில் டெண்டர் விட ஆரம்பித்தார்கள். சகாகாவுக்கு 2018 பிப்ரவரியில் சவூதியின் அக்வா பவர் நிறுவனத்துக்கு யூனிட் 8.78 ஹலாலாவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அதைவிடக் குறைந்து, 6.7 ஹலாலா அளவுக்குக் கேட்ட விண்ணப்பமும் வந்திருந்தது, அதை ஏற்கவில்லை. 2019 நவம்பரில் சகாகா மின்சாரம் கம்பியில் ஏறியது.

டெண்டர் முறையின் சூட்சுமம் எளிது. அரசுத் தரப்பு நிறுவனம் ஒன்று, ‘இருபத்தைந்து ஆண்டு உங்கள் மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறேன், நிலம் நான் காட்டுகிறேன், யார் குறைந்த விலைக்குத் தருவீர்கள்?’ என்று கேட்கிறது. சோலாரில் எரிபொருள் செலவு கிடையாது. செலவெல்லாம் முதல் நாளே போட வேண்டிய முதலீடு. அந்த முதலீட்டில் பெரும்பகுதி கடன். எனவே யூனிட் விலையைத் தீர்மானிப்பதில் வெயிலுக்குச் சமமாக வட்டிக்கும் பங்கு இருக்கிறது. வாங்குபவர் பணம் கொடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தால், ரியாலும் டாலரோடு கட்டுண்டு கிடந்தால், வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும். 3.9 ஹலாலா வந்தது அப்படித்தான். அந்த விலையை அப்படியே எடுத்து வேறு நாட்டுக்கு ஒட்டவைக்க முடியாது. வெயில் இதைவிட நன்றாக இருந்தாலும்.

இருட்டியபின்

சவூதிக்கு ஓர் அதிர்ஷ்டம்: மின்தேவை உச்சத்தைத் தொடுவது கோடைப் பிற்பகலில், ஏசியால். சோலாரும் அப்போது வேலை செய்கிறது. ஆனால் ரியாத்தில் ஜூலை இரவும் 30 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காது. ஏசி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பேனல் தூங்கிவிடும். இதற்கு எரிவாயு நிலையங்களும் பேட்டரியும். தென்மேற்கே பீஷாவில் அமைத்த பேட்டரி நிலையத்தின் அளவு 500 மெகாவாட், 20 லட்சம் யூனிட். குழாயும் வாளியும் நினைவிருக்கிறதா? 500 மெகாவாட் குழாயில் அந்த வாளி நாலு மணி நேரத்தில் காலியாகும். மாலையைத் தாண்டலாம், இரவு முழுதும் தாங்காது.

குளிர்காலச் சிக்கல் இதைவிடக் கடினமானது, ஆனால் குறைவாகவே பேசப்படுவது. ஏசி நின்றதும் மின்தேவை கோடையின் பாதியை நோக்கி இறங்கிவிடும். பேனல்களோ குளிர்ந்த தெளிவான வானத்தில் நன்றாகவே உழைக்கும். கோடைக்காகக் கட்டியதைக் குளிர்காலத்தில் என்ன செய்வது? கடல்நீரைக் குடிநீராக்கலாம். வடமேற்கே எழுப்பும் புது நகரமான நியோமில் திட்டமிட்டது போல ஹைட்ரஜன் எடுக்கலாம். இல்லையென்றால் நிலையத்தை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

பாதி மின்சாரம் என்ற 2030 இலக்குக்கு 100 முதல் 130 கிகாவாட் வரை வேண்டும் என்கிறது சவூதி எரிசக்தி அமைச்சகம். 2024 முடிவில் ஓடிக்கொண்டிருந்தது அதில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. 2025 ஜூலையில் மட்டும், ஐந்து சோலார், இரண்டு காற்றாலைத் திட்டங்களாக, 15 கிகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நம் பீப்பாய்க் கணக்கில், கோடையில் எரியும் 5 லட்சம் பீப்பாய்க்கு ஈடுகட்ட 135 சகாகாக்கள் வேண்டும், அதாவது 40 கிகாவாட். அதுவும் பகலில் கிடைப்பதை இரவுக்குக் கொண்டுபோக முடிந்தால்.

ரியாத்துக்கு வடக்கே சுதைரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. யூனிட் விலை 4.65 ஹலாலா. அதன் பங்குதாரர்கள் மூவர்: அக்வா பவர், அரசு முதலீட்டு நிதியின் பதீல் நிறுவனம், அப்புறம் 30 சதவீதப் பங்கோடு அராம்கோவின் கிளை நிறுவனம் ஒன்று. எண்ணெயைத் தோண்டி எடுக்கும் அதே அராம்கோதான்.